யாருடைய போனுக்காக எழுதுகிறோம்?

முதல்லயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாங்கள் கலைப்பீட மாணவர்கள். எங்களில் ஒருவர் தமிழ், ஒருவர் புவியியல், இரண்டு பேர் மொழிபெயர்ப்பு படிக்கிறோம். கம்பஸில் கணினிப் பக்கத்தோடு எங்களுக்கு இருக்கிற ஒரே உறவு, அங்கே உள்ள கன்டீனில் தேத்தண்ணி நல்லா இருக்கும் என்பதுதான். அப்படிப்பட்ட நீங்கள் டிரான்ஸ்பைலர் பற்றி எழுதலாமா என்று கேட்டால், ஒரு வெள்ளைப் பக்கத்தைத்தான் தகுதியாகக் காட்ட முடியும்.

நடந்தது இதுதான். விடுமுறையில் அப்புத்தளைக்கு வந்திருந்தபோது, சுற்றியிருக்கிற தோட்டங்களில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு சின்ன இணையதளம் செய்தோம். பழைய வினாத்தாள்களை, பாடம் பாடமாக, அலகு அலகாகப் பிரித்து, விடை விளக்கத்தோடு தமிழில் போடுவதுதான் நோக்கம். யூடியூபில் பாடம் பார்த்து, இரவு இரவாக இருந்து ஜாவாஸ்கிரிப்ட் எழுதினோம். எங்கள் போன்களில் அழகாக வந்தது. லிங்க்கை வட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். பெருமையாகவும் இருந்தது.

ரெண்டு நாள் கழித்து, மேல் டிவிஷனில் பத்தாம் ஆண்டு படிக்கிற தங்கச்சி ஒருத்தி ஒரு வரி அனுப்பினாள்: “அண்ணா, ஒண்ணுமே வரல. வெள்ளையா இருக்கு.”

சிக்னல் பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்தோம். மலையில் எதற்கெடுத்தாலும் சிக்னலைச் சொல்லித் தப்பிக்கிறது எங்களுக்கும் பழக்கம்தானே. வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். சிக்னல் நன்றாகவே இருந்தது. வட்ஸ்அப் வேலை செய்தது. எங்கள் தளம் மட்டும் பால் மாதிரி வெள்ளை. போன் அவளுடைய அம்மாவுடையது, அதற்கு முன் அண்ணனுடையது. ஆண்ட்ராய்ட் 8.1, உள்ளே 8 ஜிபி இடம், அதில் பாதிக்கு மேல் போனுக்கே போய்விடும். மிச்சத்தில் வட்ஸ்அப் படங்கள். குரோமின் பதிப்பு எண்ணைப் பார்த்தோம்: 69. அது 2018 செப்டம்பரில் வெளிவந்த பதிப்பு. போன் வாங்கிய நாளிலிருந்து குரோம் புதுப்பிக்கப்படவே இல்லை. புதுப்பிக்க இடமும் இல்லை, அதற்கு டேட்டா செலவழிக்க யாருக்கும் மனசும் இல்லை.

எங்கள் நிரலில் அந்தக் குரோமைத் தடுத்தது என்ன தெரியுமா? ஒரு கேள்விக்குறியும் ஒரு புள்ளியும்.

ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே உதாரணத்தையும் தமிழிலேயே தருகிறோம். ஒரு மாணவரின் பாடசாலைப் பெயரை எடுக்க இப்போது இப்படி எழுதலாம்:

மாணவர்?.பாடசாலை?.பெயர்

“மாணவர் என்று ஒருவர் இருந்தால் அவருடைய பாடசாலையைப் பார், அது இருந்தால் அதன் பெயரைக் கொடு, இல்லாவிட்டால் சத்தம் போடாதே” என்று அர்த்தம். முன்பு இதையே இப்படி எழுத வேண்டும்:

மாணவர் && மாணவர்.பாடசாலை && மாணவர்.பாடசாலை.பெயர்

முதலாவது எழுத லேசு, வாசிக்க லேசு, பிழை வருவதும் குறைவு. இந்த வசதி குரோமில் 80ஆம் பதிப்பில்தான், 2020 தொடக்கத்தில், வந்தது. 69க்கு அது தெரியாது. தெரியாவிட்டால் அந்த வரியை மட்டும் தாண்டிப் போகலாமே என்று கேட்பீர்கள். எச்டிஎம்எல் அப்படித்தான், தெரியாத குறியைக் கண்டால் உள்ளே இருக்கிற எழுத்தை மட்டும் காட்டும். சிஎஸ்எஸ்ஸும் தெரியாத விதியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை. இலக்கணம் ஓர் இடத்தில் புரியாவிட்டால் கோப்பு முழுவதையும் ஓட்ட மறுத்துவிடும். எங்கள் தளத்தில் தலைப்பு முதல் கேள்விகள் வரை எல்லாவற்றையும் வரைவதே ஜாவாஸ்கிரிப்ட்தான். அது ஓடவில்லை என்றால் வெள்ளைதான்.

இந்த மாதிரி இடைவெளியை நிரப்பத்தான் டிரான்ஸ்பைலர் இருக்கிறது. புதிய இலக்கணத்தில் நாம் எழுதியதை, பழைய பிரவுசருக்குப் புரிகிற இலக்கணத்தில் அதே பொருளோடு மாற்றி எழுதித் தருகிற கருவி. ஜாவாஸ்கிரிப்டின் பெரிய மாற்றம் 2015 ஜூனில் வந்த பதிப்பு. பிரவுசர்கள் எல்லாம் அதைக் கற்றுக்கொள்ளும்வரை காத்திருந்தால் வருஷங்கள் ஆகும். 2014இலேயே, ஆஸ்திரேலியாவில் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த செபஸ்டியன் மெக்கென்சி, வரப்போகிற 6ஆம் பதிப்பை அப்போதிருந்த 5ஆம் பதிப்புக்கு மாற்றுகிற கருவியைச் செய்தார். பெயரே “6 டு 5” தான். 2015இல் அது பேபல் ஆனது. அதற்கு முன்னால் காஃபிஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் என்று வேறு மொழிகளிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றுகிறவையும் இருந்தன. ஒரு புதிய வசதி மொழியில் சேருமுன்னே ஆயிரக்கணக்கானோர் அதைப் பழகிப்பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடிந்தது டிரான்ஸ்பைலர்களால்தான்.

நம் ஆட்களுக்கு இது புது யோசனையே இல்லை. பாமினி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். பாமினியில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை வரும். நாங்கள் போனில் யுனிகோடில் கட்டுரை எழுதி அச்சகத்துக்கு அனுப்புகிறோம். அங்கே பழைய பேஜ்மேக்கர். அதற்கு யுனிகோட் தமிழ் தெரியாது. பக்கம் வடிவமைக்கிற அண்ணா ஒரு மாற்றியில் போட்டு பாமினியாக்கித்தான் பக்கத்தில் வைப்பார். எழுதுகிறவன் புதியதில் எழுதுகிறான், வாங்குகிற கருவி பழையது, நடுவில் ஒரு மாற்றி. டிரான்ஸ்பைலரும் அவ்வளவுதான்.

எங்களுக்கு முந்தின செட் இன்னொன்றும் சொல்வார்கள். சின்ன போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், ஓபரா மினியின் உள் அமைப்புக்குள் போய் ஒரு தெரிவை மாற்றினால், சர்வரிலேயே எழுத்தைப் படமாக்கி அனுப்பும். மெதுவாக வரும், ஆனால் தமிழ் வரும். புதிய போன் வாங்குங்கள் என்று அந்தத் தெரிவு யாருக்கும் சொல்லவில்லை. கையில் இருந்த போனுக்கே தமிழைக் கொண்டுவந்தது.

சரி, அப்படியானால் டிரான்ஸ்பைலர் போட்டால் கதை முடிந்தது என்று நினைப்போம். இங்கேதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் தளத்தில் டிரான்ஸ்பைலர் ஏற்கெனவே இருந்தது!

நாங்கள் பயன்படுத்திய கருவி வீட். இன்று புதிதாக வலைத்தளம் கட்டப் பழகுகிற பலரும் தொடங்குவது அதில்தான். நாம் எழுதியதை மாற்றித் தருகிற வேலை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எந்தப் பிரவுசர் வரைக்கும் மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு அமைப்பு உண்டு. அதற்குப் பெயர் இலக்கு. நாங்கள் அதைத் தொடவே இல்லை. தொடாவிட்டால் என்ன இருக்கும்? நாங்கள் வைத்திருந்த பதிப்பில் குரோம் 87. அதாவது, 87க்குத் தெரிந்ததை எல்லாம் அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம். கேள்விக்குறியும் புள்ளியும் 87க்குத் தெரியும். ஆகவே கருவி அதைத் தொடவில்லை. கருவி பிழை விடவில்லை. யாருக்காக என்று நாங்கள் சொல்லாததால், வேறு யாரோ சொல்லிவைத்தபடி அது நடந்தது.

மொழிபெயர்ப்பு வகுப்பில் முதல் வாரமே இரண்டு சொல் சொல்லித் தருவார்கள்: மூல மொழி, இலக்கு மொழி. பிறகு உடனே ஒரு கேள்வி: யார் வாசிக்கப் போகிறார்கள்? சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார். சக்தீ அ. பாலையா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் கைக்கு அது வந்தது அந்தத் தமிழாக்கத்தால்தான். எங்கள் தளமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் இலக்கு மொழியைக் கொழும்பிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிற புது போனின் மொழியாக விட்டுவைத்திருந்தோம். வகுப்பில் படித்ததை வீட்டுக்கு வரும் வழியில் மறந்துவிட்டோம்.

இந்த இலக்கு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 2025 ஜூனில் வந்த வீட் 7இல், தானாக இருக்கிற இலக்கு குரோம் 87இலிருந்து 107க்கு ஏறிவிட்டது. ஆண்ட்ராய்ட் 6 போனுக்குக் கிடைக்கிற கடைசிக் குரோம் 106. ஒரு எண்ணில் வெளியே. ஆண்ட்ராய்ட் 5க்கு 95 கடைசி, 4.4க்கு 81 கடைசி. இந்தப் போன்களை வைத்திருப்பவர் எவ்வளவு ஒழுங்காகப் புதுப்பித்தாலும் அதற்கு மேல் போக முடியாது.

வேறு கருவிகள் பொதுவாகப் பயன்படுத்துகிற பிரவுசர் பட்டியலிலும் இதே கதைதான். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், உலகப் பயன்பாட்டில் 0.5 சதவீதத்துக்கு மேல் உள்ளவை, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு பதிப்புகள், இப்படிப் போகும். வேண்டுமானால் இலங்கைக்கு மட்டும் என்று கேட்கலாம், அந்த வசதி இருக்கு. ஆனால் அந்தப் பட்டியலின் அடித்தளத் தரவில் ஆண்ட்ராய்ட் குரோம் என்றால் ஒரே ஒரு பதிப்புதான், ஆகப் புதியது. காரணம், அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இடமும் டேட்டாவும் உள்ள ஊரில் அது சரியான நம்பிக்கை. 8 ஜிபி போன் உள்ள லயத்தில் அது பொய். எங்கள் தங்கச்சியின் குரோம் 69 அந்தக் கணக்கில் பழையது என்றுகூட எண்ணப்படவில்லை. அந்தக் கணக்கிலேயே இல்லை.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வருகிறது. கணினி படிக்கிற நண்பர்கள் சொல்வது: “பழைய போனை எல்லாம் பார்த்தா முன்னேற முடியாது. ரெண்டு வருஷத்துல எல்லாரும் மாத்திருவாங்க.” மாத்துவார்களா? 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனது. போன் விலையும் கூடவே போனது. தோட்டத்து அடிப்படை நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350. ஒரு புது போன் எத்தனை நாள் கொழுந்து என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் போன் சாவதில்லை. அண்ணன் கொழும்பில் கடை வேலைக்குப் போய் புதுசு வாங்கினால் பழையது அம்மாவுக்கு, பிறகு தங்கச்சிக்கு. ரெண்டு வருஷத்தில் அந்தப் போன் மாறாது, கைதான் மாறும். பரீட்சை அவ்வளவு நாள் காத்திருக்காது.

மற்றப் பக்கம், கொஞ்சம் மூத்தவர்கள் சொல்வது: “அப்போ ஏன் புதுசுல எழுதுறீங்க? பழைய ஜாவாஸ்கிரிப்டுலயே எழுதுங்க, எல்லாத்துலயும் ஓடும்.” இதையும் நாங்கள் ஏற்கவில்லை. எங்களுக்குச் சம்பளம் கிடையாது, நேரம் குறைவு. புதிய வசதிகள் நிரலைச் சின்னதாக்குகின்றன, பிழையைக் குறைக்கின்றன. நாளைக்கு இந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் இப்போது பத்தாம் ஆண்டில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இன்றைய மொழியை. வசதியில்லாத பிள்ளைகளுக்கு வேலை செய்கிறவர்கள் வசதியில்லாத கருவியில்தான் வேலை செய்ய வேண்டும் என்று என்ன சட்டம்? புதியதில் எழுதவும் வேண்டும், பழையதில் ஓடவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்க விடுவதுதான் டிரான்ஸ்பைலரின் பெறுமதி.

அதற்காக அது இனாம் இல்லை. மேலே தந்த உதாரணத்திலேயே பாருங்கள், பழைய வடிவம் எவ்வளவு நீளம். கருவி எழுதுகிற வடிவம் இன்னும் நீளமாக இருக்கும். காத்திருந்து செய்கிற வேலைகளுக்கான புதிய எழுத்துமுறையை 2009ஆம் வருஷத்து இலக்கணம் வரைக்கும் இறக்கினால், ஒரு சின்ன வரி பெரிய இயந்திரமாகிவிடும். கோப்பு பருக்கிறது, டேட்டா போகிறது, பழைய போனின் மெதுவான மூளை அதை வாசிக்கத் திணறுகிறது. ஆகவே “எதற்கும் இருக்கட்டும்” என்று அடிமட்டம் வரை இறக்குவதும் அதே பிள்ளையின் டேட்டா காசில்தான் விழும். இரண்டு கோப்பு செய்து, புதிய பிரவுசருக்குச் சின்னதும் பழையதுக்குப் பெரியதும் போகிற மாதிரி வைக்கவும் வழி உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவை எவ்வளவு என்று தெரிந்தால் அவ்வளவுக்கு மட்டும் இறக்கலாம்.

இன்னொரு விஷயத்தில் நாங்கள் இரண்டாம் முறையும் அடி வாங்கினோம். டிரான்ஸ்பைலர் மாற்றுவது இலக்கணத்தை. மொழியில் புதிதாகச் சேர்ந்த செயல்களை அது தானாகக் கொண்டுவராது. ஒரு சொல்லை எல்லா இடத்திலும் மாற்றுகிற ஒரு செயலைப் பயன்படுத்தியிருந்தோம், அது குரோம் 85இல்தான் வந்தது. இலக்கைச் சரிசெய்த பிறகு பக்கம் திறந்தது, ஆனால் விடையைத் தட்டினால் எதுவும் நடக்கவில்லை. இப்படி இல்லாத செயலை நிரப்பித் தருகிற துண்டுகளுக்குப் பாலிஃபில் என்று பெயர். இதில் பெரிய தொகுப்பு கோர் ஜேஎஸ். உலகத்தின் எத்தனையோ பெரிய தளங்கள் அதில் ஓடுகின்றன, ஆனால் பெரும்பாலும் அதைத் தாங்கி வந்தவர் டெனிஸ் புஷ்கரேவ் என்ற ஒரே ரஷ்யர். 2023இல் அவர் பணமில்லாத நிலையை விளக்கி ஒரு நீண்ட கடிதமே எழுதினார். பழைய போன்களைத் தூக்கிச் சுமக்கிற வேலைக்கு உலகம் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

நாங்கள் கடைசியில் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போனபோது போனைக் கேட்டு வாங்கி, குரோம் அமைப்புக்குள் பதிப்பு எண்ணைப் பார்த்தோம். நாங்கள் பார்த்ததில் ஆகப் பழையது அந்த 69தான். இலக்கை 64 என்று ஒரு வரியில் எழுதினோம், கொஞ்சம் கீழேயே இருக்கட்டும் என்று. 85இல் வந்த அந்தச் செயலை எடுத்துவிட்டு, பாலிஃபில் இல்லாமல் பழைய வழியிலேயே எழுதினோம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, கேள்விகளையும் விளக்கங்களையும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் பூட்டிவைக்காமல் நேரடியாக எச்டிஎம்எல்லில் போட்டோம். இனி நிரல் ஓடாவிட்டாலும் கேள்வி தெரியும், பொத்தான் மட்டும்தான் வேலை செய்யாது. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த வெள்ளைப் பக்கம் வந்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். டிரான்ஸ்பைலர் ஒரு பாலம், பாலத்தின் மறுபக்கத்தில் ஏதாவது இருக்கவும் வேண்டும்.

எங்கள் கருத்து இவ்வளவுதான். புதிய வசதிகளைப் பயப்படாமல் பயன்படுத்துங்கள், டிரான்ஸ்பைலரையும் பயன்படுத்துங்கள். ஆனால் இலக்கு என்ற அந்த ஒரு வரியைக் கருவி செய்தவர்களிடம் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, உங்கள் ஊரை அவர்களுக்குத் தெரியாது. தமிழில் தளம் செய்கிற இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். பாடசாலைக்கு, வாசிகசாலைக்கு, தோட்டத்துச் சங்கத்துக்கு என்று ஏதாவது ஒன்று செய்துகொண்டே இருக்கிறோம். தொடங்குமுன் நிறம் என்ன, எழுத்துரு என்ன என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கிறோம். அதில் பத்து நிமிஷம் எடுத்து, வாசிக்கப் போகிறவர் கையில் என்ன போன் இருக்கு என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அப்படி ஒரு பழைய போனை வாங்கி மேசையில் வையுங்கள். அதில் திறந்தால்தான் தளம் முடிந்தது என்று அர்த்தம்.

சரிசெய்து போட்ட அன்றைக்கு இரவு அந்தத் தங்கச்சிக்கு மெசேஜ் போட்டோம், இப்போது பார் என்று. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “வருது அண்ணா. ஆனா விஞ்ஞானத்துல 14ஆவது கேள்விக்கு விளக்கம் பிழை. எங்க சேர் வேற மாதிரி சொன்னாரு.”

சேர் சொன்னதுதான் சரி. திருத்திவிட்டோம்.